பதினொரு படங்கள்

மூன்றாவது தாளையும் கிறிஸ்டி கிழித்தாள். நாலு மணிக்குக் கோயிலில் அடக்க ஆராதனை. அதற்குள் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதி, அவளே வாசிக்கவும் வேண்டும். அரைப் பக்கம் போதும் என்று குருவானவர் சொல்லியிருந்தார். பிறப்பு, படிப்பு, மிஷன் பள்ளியில் பதினாறு வருஷ வாத்தியார் வேலை எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. தொண்ணூற்றொன்றில் வேலையை விட்டார் என்ற இடத்தில்தான் பேனா சண்டித்தனம் செய்தது.

அதற்கப்புறம் வேதநாயகம் வாத்தியார் என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். சினிமாப் படம் வாங்கித் தியேட்டர்களுக்கு விட்டார். வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது; அம்மாவுக்குச் சினிமா என்றாலே பாவம். பள்ளிக்கூடப் படிவத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் அம்மா 'வியாபாரம்' என்று எழுதச் சொல்வாள். என்ன வியாபாரம் என்று டீச்சர் கேட்டால் கிறிஸ்டி முழிப்பாள். இதில் பெரிய கூத்து, கம்பெனியின் பெயர் 'தேவமணி பிலிம்ஸ்'. தேவமணி என்பது அம்மாவின் பெயர். தச்சநல்லூரிலிருந்து திருச்செந்தூர் வரை சுவரெல்லாம் மனைவி பெயரை ஒட்டிவிட்டு, அதற்கு அந்த மனைவியிடமே முப்பது வருஷம் திட்டு வாங்கிய மனுஷர் அவர். போஸ்டரைக் காட்டிக் கூடப் படித்த பிள்ளைகள் கேட்டபோது, "அது வேற தேவமணி" என்று கிறிஸ்டி சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நேற்றுக் காலை பேப்பர் படித்தபடியே சாய்ந்தவர். பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனியப் பத்தி ஒரு வரியாவது எழுதணும்லாம்மா?"

"கோயில்ல சினிமாப் பேச்சு எதுக்குட்டி? வியாபாரம்னு போடு."

"முப்பது வருஷம்மா."

 அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலை நுனியால் துடைத்தாள்.

சித்தப்பா பாக்கியசீலனைக் கேட்டால், "அடுத்தவன் படத்தத் தூக்கிட்டு அலைஞ்சான், சொந்தமா ஒண்ணும் வாங்கல" என்றார். அத்தையோ இருபது படத்துக்குக் குறையாது என்றாள். ஆளுக்கொரு அப்பாவைக் காட்டினார்கள். இதில் தன் அப்பா யார் என்று கிறிஸ்டிக்குக் குழம்பியது.

மேலப்பாளையத்திலிருந்து மீரா முகைதீன் வந்து வாசலிலேயே நின்றார். படப்பெட்டியோடு ரயிலிலும் பஸ்ஸிலும் தியேட்டர் தியேட்டராகப் போனவர். கம்பெனியில் கடைசிவரை இருந்த ஒரே ஆள்.

"உள்ள வாங்க பாய்."

"இங்கனயே நிக்கேன்மா. சினிமா ஆளுவ உள்ள வந்தா உங்கம்மாவுக்கு ஆவாது. எனக்கும் பழகிட்டு."

"அப்பா மொத்தம் எத்தன படம் வாங்குனாவ?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு. பத்து ஊத்திட்டு. ஒண்ணு அம்பாசமுத்திரத்துல அம்பது நாள் ஓடிச்சு. பெரிய படத்தப் பெரிய ஆளுவ தூக்கிருவாவ. அண்ணாச்சி யாரும் தொடாத படமாப் பாத்து வாங்குவாவ. பெட்டி போயி எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்த பெறவும் ரெண்டு வாங்குனாவன்னா பாத்துக்கிடுங்க."

"எதுக்கு பாய்?"

"யாருக்குத் தெரியும்? கேட்டா சிரிப்பாவ." குரலைத் தாழ்த்தினார். "மொத மொத ஒண்ணு வாங்குனாவ. அதக் கணக்குல சேக்காதீங்க. ஒரே ஒரு காலைக்காட்சிதான் போட்டோம். நான், அண்ணாச்சி, கடைசி வரிசையில முக்காடு போட்ட ஒரு பொம்பள. வேற ஈ, காக்கா இல்ல. அண்ணாச்சி படத்தயே பாக்கல. திரும்பித் திரும்பி அந்தப் பொம்பளயத்தான் பாத்தாவ. மத்தியானமே பெட்டியத் திருப்பி அனுப்பியாச்சு."

"யாரு அது?"

"நான் வேலைக்குச் சேந்து நாலு நாளுதான். முகமும் தெரியல. பெறவு ஒரு படத்துக்கும் அந்தம்மா வரல."

கிறிஸ்டி மேஜைக்குத் திரும்பினாள். பத்துப் படம் ஊத்தியும் விடாத மனுஷர். யாரோ ஒருத்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்த மனுஷர். அம்மாவுக்குத் தெரியுமா? ஐஸ் பெட்டியில் இருந்தவரை எழுப்பிக் கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை 'வேற தேவமணி' என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதினாள்.

கோயில் நிரம்பியிருந்தது. மீரா முகைதீன் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா முன்வரிசையில், முக்காடு போட்டுத் தலை குனிந்திருந்தாள். கிறிஸ்டி வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த வரி வந்தது.

"தேவமணி பிலிம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தி, பதினொரு திரைப்படங்களை வெளியிட்டார்கள்."

இரண்டொரு தலைகள் திரும்பின. யாரோ செருமினார்கள்.

"பன்னெண்டு."

அம்மாதான். குனிந்த தலை நிமிரவில்லை.

"அம்மா?"

"பன்னெண்டுட்டி. மொதப் படத்த விட்டுட்டே. சரியா வாசி."

கடைசி பெஞ்சிலிருந்து மீரா முகைதீன் மெல்ல எழுந்து நின்றார். கிறிஸ்டி அம்மாவின் முக்காட்டையே பார்த்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. குருவானவர் தன் பேனாவை நீட்டினார். அவள் பதினொன்றை அடித்துவிட்டு, மேலே பன்னிரண்டு என்று எழுதினாள்.