முக்கால் பங்கு மேலே

உதவித்தொகை உத்தரவு வந்த திங்கட்கிழமை, குழந்தைகள் வார்டுக்குச் சின்ன டாக்டரம்மாவின் வலது கையும் இரண்டு காதுகளும் மட்டும் வேலைக்கு வந்தன. மீதி ஆள் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் இருந்தார். இளம் மருத்துவர்களைத் தனித்து இயங்கும் ஆய்வாளர்களாக ஆக்கும் திட்டம் அந்த உதவித்தொகை. ஐந்தாண்டுக்குச் சம்பளம் உண்டு; ஆனால் ஆளில் முக்கால் பங்கு ஆய்வுக்கே என்பது நிபந்தனை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த துறைத் தலைவர், அந்தரத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருந்த காதுகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"எல்லாரும்தான் கையெழுத்து போடுறோம். அதுக்காக நிஜமாவே மேல போயிடறதா?"

வார்டு சீக்கிரமே பழகிக்கொண்டது. தாய்மார்கள் காதுகளிடம் இருமலைச் சொன்னார்கள். கை மருந்து எழுதியது, வழக்கம்போல் யாருக்கும் புரியாமல். வீட்டைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லாததால் மாலையில் முழு ஆளும் வீடு திரும்பினார். "முழுசா வந்து என்ன, தூங்கத்தானே" என்றார் கணவர்.

சில குழந்தைகளுக்கு மட்டும் மூச்சிளைப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று மேலே அவர் தேடிக்கொண்டிருந்தார். நான்காம் ஆண்டு ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. தலைவர் இடது கையையும் வார்டுக்கு இரண்டே நாளைக்கு என்று வாங்கிப் போனார். ஐந்து வாரமாகியும் அது திரும்பவில்லை. பரிசோதனைக்கு எடுத்த சளிக் குப்பிகளைத் திறக்க மேலே கையே இல்லை. கால் பங்குக்கு மேல் கீழே போனது தெரிந்தால் உதவித்தொகையும் நிற்கும், நாலு வருட உழைப்பும் பாழ். அந்த நேரம் பார்த்துத் தலைவர், பேசினால் கேட்கட்டும் என்று காதுகளையும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"நோயாளியோட ஆளுங்க சத்தம் போடுறாங்கம்மா. உன் வாயைக் கொஞ்சம் குடு, சமாளிச்சுக்கறேன்."

"வாயெல்லாம் கிடையாது சார். கையை அனுப்புங்க, இல்லேன்னா பணம் குடுத்தவங்ககிட்ட நானே சொல்லிடுவேன்."

"சொன்னா உனக்குத்தானே நின்னுடும்?"

"நிக்கட்டும். கடிதத்துல உங்க கையெழுத்துதானே இருக்கு? உங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

சாயங்காலம் பேரம் படிந்தது. கை மேலே, பதிலுக்கு மூக்கு கீழே. ஆய்வுக்கூடத்துக்கு மூக்கால் பெரிய உபயோகமில்லை. இடது கை லிஃப்டில் ஏறியபோது உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

மறு ஆண்டு முடிவுகள் அவர் பெயரிலேயே வெளியாயின. தனி ஆய்வுக்கூடமும், யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாத நிதியும் கிடைத்தன. அன்று ஆசையாக முழு ஆளாக வார்டுக்குள் நுழைந்தார். அப்படி அவரைப் பார்த்தே இராத குழந்தைகள் வீறிட்டு அழுதன. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மேலே அனுப்பினார். அழுகை நின்றது; கை அடுத்த குழந்தையின் முதுகைத் தட்டிப் பார்த்தது.