பூட்டிய வீட்டுக்கு என்ன நிறம்?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. "உனக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்குடி" என்பாள் அக்கா. நாலு வருஷம் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். கழிவறை வலப்பக்கம் வேண்டும் என்பார்கள், போடுவேன். இல்லை, இடப்பக்கம் என்பார்கள், அழித்துவிட்டுப் போடுவேன். ஒரு நாள் எரிச்சல் தலைக்கேறி வேலையை விட்டுவிட்டு, இருபத்தெட்டு வயதில் நகர, வட்டாரத் திட்டமிடல் முதுகலையில் சேர்ந்தேன். ஜாகை அக்கா வீட்டில். அவள் மகளின் அறையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பன்னிரண்டு வயசுக்காரி கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு, நான் எப்போது கிளம்புவேன் என்று காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வருகிறாள். ஒளித்துக்கூட அடிப்பதில்லை.

அன்று சனிக்கிழமை. திங்கள் காலை கடைசி ஜூரி. எங்கள் படிப்பில் ஜூரி என்றால், ஒரு வருஷம் முழுக்கச் செய்த வேலையைச் சுவரில் ஒட்டிவிட்டு அதன் முன்னால் நிற்பது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் கிழிகிழி என்று கிழிப்பார்கள். எங்கள் குழுவில் இரண்டே பேர்: நானும் சுருக்கமும். எதைச் சொன்னாலும் "சுருக்கமா சொன்னா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசுவான், அதனால் அந்தப் பெயர். தாள்கள் எல்லாம் அச்சாகிச் சுருட்டி வைத்தாயிற்று. செய்ய வேலையே இல்லை. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுருட்டியதைப் பிரித்தேன், பார்த்தேன், சுருட்டினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி பிரித்தேன். எது என்று தெரியவில்லை, ஏதோ ஒன்று உறுத்தியது.

நல்ல வேலைதான் செய்திருந்தோம். ஒரு வட்டாரம் முழுக்க ஒவ்வொரு மனையின் வாசலிலும் போய் நின்று, வீடா, கடையா, பட்டறையா என்று குறித்து, வரைபடத்தில் நிறம் தீட்ட வேண்டும். வீட்டுக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, பட்டறைக்கு ஊதா, காலிக்குச் சாம்பல். வரைபடத்தின் மூலையில் எந்த நிறம் எது என்று ஒரு பெட்டி, லெஜண்ட். கதவு பூட்டியிருந்தால் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு வேளையில் போக வேண்டும் என்பது விதி. படிவத்தில் அதற்கு மூன்று கட்டம் இருக்கும். போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிக். கீழே ஆய்வு செய்தவர் கையெழுத்து.

அரை ஆண்டு ஜூரியிலேயே பேராசிரியை எங்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார். எங்கள் திட்டத்தின் உயிர்நாடி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு நீளமான சாம்பல் திட்டு. அந்தக் காலி இடத்தில் புதுப் பேருந்துப் பணிமனை போடலாம் என்று சொல்லியிருந்தோம்.

ஆறு மணி வாக்கில் அக்கா வேலையிலிருந்து வந்தாள். அவள் ஒரு கண் மருத்துவமனையில் செவிலி. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் படி. படிச்சவதானே நீ, படி!"

குடிநீர் அலுவலகத்துச் சீட்டு. 'மூன்று முறை வந்தும் வீடு பூட்டியிருந்தது. இணைப்பு பயன்பாட்டில் இல்லை எனக் கருதப்படுகிறது.'

"எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போறேன், மாமா போறார், பாப்பா ஸ்கூலுக்குப் போறா, நீ காலேஜுக்குப் போற. பதினோரு மணிக்கு வந்து தட்டினா யாரு இருப்பா? பூட்டு தொங்குதுன்னா, அதைப் பூட்டிட்டுப் போக ஒரு ஆள் இருக்குன்னுகூடவா தெரியாது இவங்களுக்கு? கண்ணு எங்க வச்சிருக்காங்க?"

அக்கா இன்னும் ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். என் காதில் விழவில்லை. உறுத்தியது எது என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சாம்பல் திட்டு வெறும் பொட்டல் இல்லை. ஒரே மாதிரியான ஒற்றை அறைகள், எதிரெதிரே இரண்டு வரிசை, மொத்தம் நாற்பத்தாறு கதவு. அப்போதெல்லாம் எனக்குக் காலையில்தான் ஓய்வு, மதியம் வகுப்பு. முதல் தடவை போனபோது மணி பதினொன்று, நாற்பத்தாறிலும் பூட்டு. இரண்டாம் தடவையும் பதினொன்று, அதே பூட்டு. மூன்றாம் தடவை நான் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை. நல்ல வெயில். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், முதல் இரண்டு கதவில் பூட்டு தெரிந்தது, படிவத்தை மடியில் வைத்தே நாற்பத்தாறு டிக்கையும் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பிறகு நிறம் தீட்டும்போது பார்த்தால் லெஜண்டில் பூட்டிய வீட்டுக்கு நிறமே கிடையாது. "சுருக்கமா சொன்னா, மூணு தடவை போயும் ஆள் இல்லைன்னா காலிதானே?" என்றான் சுருக்கம். ஆமாம் என்று சாம்பலை ஊற்றியது நான்.

"எங்கடி போற? டீ போடறேன்" என்று அக்கா கத்துவதற்குள் தெருவில் இருந்தேன்.

அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே இருந்த சந்துக்குள் நுழையவே வழி இல்லை. சைக்கிள்கள், தண்ணீர் வாளிகள், ஒரு பந்தும் அதன் பின்னால் ஒன்பது பிள்ளைகளும். ஏதோ ஒரு வீட்டில் பாட்டு அலறியது, எதிர்வீட்டில் அதைக் குறைக்கச் சொல்லி அதைவிடச் சத்தமாக அலறினார்கள். நான் மலைத்துப்போய் நின்றேன். மூன்றாம் வீட்டு வாசலில் கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்தார்.

"யாரும்மா வேணும்?"

"யாரும் இல்லைங்க. இங்க எத்தனை குடும்பம் இருக்கு?"

"நாப்பத்தி மூணு. மூணு ரூம்ல கூரை ஒழுகுது, அதுல யாரும் இல்லை. எதுக்குக் கேக்குற?"

சொன்னேன், ஆய்வு என்று மட்டும். அவர் விவரமாகவே பேசினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு விரிப்பும் உடுப்பும் வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் எல்லோருக்கும் வேலை. இவர் இஸ்திரிப் பிரிவு. காலை ஏழு மணிக்கு ஆலை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும், மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். நிலம் நகராட்சியுடையது. ஆலை அதைக் குத்தகைக்கு எடுத்து அறைகளைக் கட்டியிருந்தது. நான் கதவு கதவாகப் போய் எண்ணினேன். நூற்று முப்பத்தேழு பேர். வாசல்தோறும் தொட்டி, துணிக்கொடி, குழந்தைச் செருப்பு. பதினொரு மணிக்கும் இதெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும். நான் பூட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுருக்கத்தைத் தேநீர்க் கடைக்கு வரவழைத்துப் போட்டு உடைத்தேன். அவன் முகம் வெளிறியது.

"ஜூரி முடியட்டும். அப்புறம் திருத்திக்கலாம். இது வெறும் வகுப்புப் பயிற்சிதான், நிஜமாவா பணிமனை கட்டப்போறாங்க?"

"கட்டினா?"

"சுருக்கமா சொன்னா, நீ பேசாம இரு."

அவன் சுருக்கமாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். இரவு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். "சித்தி, கொஞ்சம் நிக்கிறியா? தலை சுத்துது" என்றாள் பாப்பா.

திங்கள் காலை தாள்களை ஒட்டினோம். நடு நாற்காலியில் பேராசிரியை, பக்கத்தில் நகராட்சியின் திட்டப் பிரிவு அதிகாரி. சுருக்கம் கணீரென்று ஆரம்பித்தான். பணிமனைக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்தேன். சுவரில் இருந்த வரைபடத்தின் சாம்பல் திட்டு மேலேயே தீட்டத் தொடங்கினேன். சாம்பல் மேல் மஞ்சள் ஒட்டாமல் அழுக்காகத்தான் வந்தது.

"என்ன பண்ணிட்டிருக்க?" என்றார் பேராசிரியை.

"இது காலி இல்லை மேடம். நாற்பத்துமூணு வீடு. நான்தான் தப்பா குறிச்சேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் வருத்தமாகக் கேட்டார்:

"ஏம்மா, இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லக்கூடாதா?"

நகராட்சியிடம் இருந்த வரைபடம் பன்னிரண்டு வருஷம் பழசாம். அரை ஆண்டு ஜூரியிலேயே எங்களுடையதைப் பேராசிரியையிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பணிமனைக்கு இடம் தேர்வாகிவிட்டது. வியாழக்கிழமை குழு கூடுகிறது.

"நிலம் எங்களோடது, ஆலையோட குத்தகையும் போன வருஷமே முடிஞ்சிடுச்சு. ஆளில்லாத கட்டடம்னு ஆய்வு சொல்லுது. அதனால இடிக்க நோட்டீஸ்கூட கொடுக்க வேண்டியதில்லை" என்றார்.

"இப்ப திருத்தி வேற மேப் கொடுக்கிறோம் சார்."

"மேப்பை மாத்தினா அடுத்த ஆண்டு திருத்தத்துலதான் வரும். வியாழக்கிழமை நிக்கணும்னா ஆட்சேபனை மனு வேணும். குடியிருக்கிறவங்க நேர்ல வந்து கொடுக்கணும், பத்து மணியிலேருந்து அஞ்சு மணிக்குள்ள."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அந்த நேரத்துலதான் சார் அவங்க யாருமே இருக்கமாட்டாங்க."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "இன்னொரு வழி இருக்கு. அவங்க கையெழுத்து போட்ட மனுவோட, ஆய்வு செஞ்ச ஆளே 'என் ஆய்வு தப்பு, விதிப்படி மூணு தடவை போகலை'ன்னு எழுதிக் கையெழுத்து போட்டா, அந்த ஆளே கொண்டுவந்து கொடுக்கலாம். குழு அதைத் தள்ள முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க காலேஜ் அதுக்கு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும். களப்பணியில் பொய் டிக் போட்டதாக எழுத்தில் வந்தால் அந்த வருஷம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து. ஜூனில் சேரச் சொல்லியிருந்த வேலையும் போகும்.

ஜூரி முடிந்ததும் பேராசிரியை என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "வாயால சொன்னது இந்த நாலு சுவத்தோட போயிடும். எழுத்துல எதையும் கொடுத்துடாத. நான் அவர்கிட்ட பேசிப் பாக்கறேன்."

"பேசினா நிறுத்துவாங்களா மேடம்?"

அவர் மேசையிலிருந்த தாள்களைச் சரிசெய்தார். "பேசிப் பாக்கறேன்னுதான் சொன்னேன்."

அவர் கெட்டவர் இல்லை. வரைபடத்தைக் கொடுத்தது அவர். அது எழுத்தில் வந்தால் அவருக்கும் சங்கடம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் மேல் வந்த கோபத்தில் பாதிகூட அது இல்லை.

வெளியே சுருக்கம் நின்றிருந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "மனுவை டைப் அடிச்சுத் தரவா?" என்றான். அடித்துக் கொடுத்தான். ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அதுதான் நியாயம், அந்தச் சந்துக்கு அவன் போனதே இல்லை.

ஐந்தரைக்கு ஆலை வண்டி வந்தபோது சந்து முனையில் மனுவோடு நின்றிருந்தேன். இறங்கியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். விஷயத்தைச் சொல்லிமுடிக்க என் நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆளில்லை என்று எழுதியது நான்தான் என்றதும் ஒருவர் என் மேல் பாய வந்தார். "அந்தப் பொண்ணை அடிச்சா வீடு நிக்குமா? முதல்ல பேனாவைக் கொண்டா" என்று இஸ்திரிக்காரம்மாதான் தடுத்தார். சிலர் என்னோடு பேசவே இல்லை, வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருவர் வீட்டுக்குள் போய்க் கண்ணாடி தேடி எடுத்து வந்து ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே போட்டார். நாற்பத்துமூன்றும் ஆக ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

கடைசியில் தாள் என் கைக்கு வந்தது. அடியில் ஒரே ஒரு இடம் மிச்சம். இஸ்திரிக்காரம்மா வீட்டுக் கதவின் மேல் தாளை வைத்து அழுத்திக்கொண்டேன். பாப்பாவின் சோபா நினைவுக்கு வந்தது, இன்னும் ஒரு வருஷம் அவள் அதில் கால் நீட்ட முடியாமல் படுக்க வேண்டும். அக்காவிடம் என்ன சொல்வது? கட்டத்தின் மூலையில் எறும்பு ஊர்ந்தது போல ஒரு கையெழுத்தைப் போட்டுத் தாளை மடிக்கப் போனேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து இஸ்திரிக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, இத்துனூண்டு போட்டிருக்க? அந்த ஆபீஸ்காரங்க கண்ணுக்கு இது எங்க தெரியப்போகுது? நல்லாப் பெருசா போடும்மா."

அதை அடித்துவிட்டு, பெரிதாகப் போட்டேன்.