கோவளத்துக்கு ஒரு வண்டி

குட்டியானை வண்டியை ரிவர்ஸில் எடுத்து வந்த சுபாஷ், பந்தல் கம்பத்தில் இடிக்காமல் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

“இன்னாக்கா, சும்மா ஓபனிங்னு சொன்ன, பந்தல் சேர்லாம் போட்டுக்கினு கீற! மினிஸ்டர் யாருனா வர்றாரா?”

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமலன் எழுந்து போய் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா, அக்காவ கூப்புடு. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பினாதான் கோவளம் போய்ச் சேரலாம். கழுதைங்களுக்குத் தண்ணி காட்டியாச்சா?”

“ஜோஸ்லின் நேத்து சாயங்காலம் இறந்துட்டா, சுபாஷ்.”

சுபாஷின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. பந்தலுக்குள் ஐஸ் பெட்டியைப் பார்த்த பிறகுதான் போனது. இன்ஜினை அணைத்தான்.

“வியாழக்கெழம கூட போன் பண்ணுச்சேண்ணா. பலகை அடிச்சியா, மேல சாக்கு தெச்சியா, குளம்பு வழுக்கப்போவுதுன்னு…”

“ஆஸ்பத்திரிலேருந்துதான் பண்ணா. டெங்கு.”

விடிய விடிய எல்லோருக்கும் போன் செய்தது அமலன்தான். உறவுக்காரர்கள், சபை மூப்பர்கள், மனைவியோடு கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த பெண்கள். வண்டிக்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கோவளம் கடற்கரையில் கழுதைச் சவாரி தொடங்க அவள் குறித்திருந்த ஞாயிறு இன்றுதான் என்பதும் தோன்றவில்லை.

சுபாஷ் பின்கதவை இறக்கிக் காட்டினான். ஏறுவதற்குச் சரிவுப் பலகை, அதன் மேல் சாக்கு, இரண்டு பக்கமும் கழுதை சாய்ந்துகொள்ளப் பழைய மெத்தை. அவள் சொன்னது எதுவும் விடுபடவில்லை.

பெட்டியின் பக்கத்தில் காவேரி உட்கார்ந்திருந்தாள். நைட் ஷிஃப்ட் முடித்துச் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், யூனிஃபார்மோடு நேராக இங்கே வந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வேலைய வுட்டுட்டு கழுத வாங்கப் போறேன்னா. லைன்ல நின்னு நின்னு நாங்களே கழுதயாத்தான் கீறோம், நீ வேற ஏன்டி காசு குடுத்து வாங்குறன்னு கேட்டேன். அப்படிச் சிரிச்சா. சூப்பர்வைசர் வந்துட்டாரு, அப்பவும் நிறுத்தல.”

எல்லாம் குருத்தோலை ஞாயிறன்று தொடங்கியது. இயேசு கழுதை மேல் வந்ததைக் காட்டும் பவனிக்குக் கழுதை வேண்டும் என்று பாஸ்டர் கேட்க, ஜோஸ்லின்தான் எங்கோ அலைந்து ஒன்றைப் பிடித்து வந்தாள். பவனி முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. வரிசையில் நின்று ஏறினார்கள். கடற்கரையில் குதிரை மேல் ஏற்றினால் சின்னப் பிள்ளைகள் அழும், கழுதையென்றால் தரை பக்கத்திலேயே இருக்கும், பயம் வராது என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனிடம் சொன்னாள். ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு வாங்கினாள். காலையில் பழக்கிய கழுதைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றும், மாலையில் பழக்கியதற்கு செகண்ட் ஷிஃப்ட் என்றும் பெயர் வைத்தாள்.

அவள் அப்பா ஜெபதாஸ் அந்தக் கோபத்தில் அதன் பிறகு இந்த வீட்டுக்கு வரவில்லை. நேற்றுத்தான் வந்தார்.

இப்போது பந்தலிலிருந்து எழுந்து வண்டியருகே வந்தார். பலகையைப் பார்த்தார். எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மாப்ள, சர்ச்சு வுட்டதும் பாஸ்டர் வந்துருவாரு. பின்னாடியே சபை மொத்தமும் வரும். எம்பொண்ணு பொட்டிய எடுக்கும்போது அதுங்க ரெண்டும் கத்திக்கினு நிக்கணுமா? வண்டிதான் வந்துகீதே. ஏத்தி அனுப்பிடலாம்.”

“எங்க மாமா?”

“எங்கனா. எவங்கிட்டயாவது வுட்டுட்டு வரட்டும். அந்தச் சகதில நின்னு நின்னுதான இப்படி ஆச்சு.”

கொசு எங்கேயும் கடிக்கும் என்று சொல்லலாம். அமலன் “இருக்கட்டும் மாமா” என்று மட்டும் சொன்னான். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கியிருந்தார். சுபாஷ் இவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் பின்னால் போனான்.

கழுதைகள் இங்கே நிற்கும்வரை, காலையில் கதவைத் திறந்து போக அமலனுக்கு ஓர் இடம் இருக்கும். அதற்கு மேல் அவனால் எதையும் யோசிக்க முடியவில்லை. அவனும் போனான்.

வீட்டுக்குப் பின்னால் விற்காத மனைகள். நட்ட கற்களுக்கு நடுவே வேலிக்காத்தான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முன்னால் நின்றது. ஜெபதாஸ் கட்டை அவிழ்த்துக் கயிற்றை இழுத்தார். அது கழுத்தை மட்டும் நீட்டியது. பின்னால் போய்த் தள்ளினார். கால் அசையவில்லை.

“ஏய், நட… நடன்றேன்ல!”

“பெர்சு, பின்னாடி நிக்காத, எட்டி வுட்டுரப்போவுது” என்றான் சுபாஷ்.

ஜெபதாஸ் வேலிக்காத்தானில் ஒரு குச்சியை ஒடித்தார். முள் கையில் ஏறியது, பார்க்கவில்லை. குச்சியை ஓங்கினார். அமலன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“அடிக்காதீங்க மாமா. அவ அடிச்சதில்ல.”

அவர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். இவன் விடவில்லை. மாமனாரைத் தொட்டே எவ்வளவோ நாளாகியிருந்தது. குச்சி தானாகக் கீழே விழுந்தது. அவர் மூச்சு வாங்கினார். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாததால் கழுதையின் முதுகில் ஒரு கையை ஊன்றினார். பிறகு இன்னொரு கையை. பிறகு நெற்றியை அந்தக் கைகள் மேல் வைத்தார். தோள்கள் ஆடின. சத்தம் வரவில்லை.

கழுதை நடக்கத் தொடங்கியது.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவார் போல் இருந்தது. அது மெதுவாக, ஒரே சீராக, மனைக் கற்களின் ஓரமாக நடந்தது. அவரும் அதோடு சேர்ந்து நடந்தார். அமலன் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வந்தான்.

“இன்னா மாப்ள இது?”

“முதுகுல பாரம் ஏறினா நடக்கணும், இறங்குனா நிக்கணும். அப்படித்தான் பழக்கினா. மொதல்ல மணல் மூட்டை. அப்புறம் காவேரி பொண்ண உக்கார வச்சா.”

“கயித்த இழுக்க மாட்டாளா?”

“மாட்டா. கூடவே நடப்பா.”

“எந்தப் பக்கம்?”

“நீங்க வர்ற பக்கம்தான்.”

ஜெபதாஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். புல் அங்கே தேய்ந்து, ஒரே அகலத்தில் மண் தெரிந்தது.

சுபாஷ் தூரத்திலிருந்து கூப்பிட்டான். “அண்ணா, ஏத்தணுமா வாணாமா?”

“வாணாம். நீ போய் பந்தல்ல உக்காரு.”

ஜெபதாஸ் நடந்துகொண்டே இருந்தார். சாலைப் பக்கம் வேன்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாஸ்டர் வந்துவிட்டார் போலிருக்கிறது. பெண்களின் அழுகை ஒன்றாக எழுந்து அடங்கியது. கடைசி மனையில் கழுதை தானாகத் திரும்பியது.

“இது எது வரிக்கும் போவும்?” என்று கேட்டார்.

“நீங்க கைய எடுத்தா நின்னுடும் மாமா.”

அவர் கையை எடுக்கவில்லை.