வீடியோவின் பின்பாதி

மந்திரமூர்த்திக்குத் தன் கொழுந்தியாள் வேல்விழியைக் கண்டாலே எரிச்சல். இந்த வருஷம் அது முற்றிப்போய், அவள் பேரைக் கேட்டாலே சோறு இறங்காத அளவுக்கு வந்துவிட்டது. அவள் செய்த குற்றம் இதுதான்: ஒன்று சொன்னாள், சொன்னது நடந்துவிட்டது.

வேல்விழிக்கு ஐதராபாத்தில் வேலை. செயற்கைக்கோள் அனுப்புகிற படங்களை வைத்துக்கொண்டு, எந்தக் கடலில் மேல்தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு மாதச் சம்பளம் வேறு. மே மாதம் லீவில், அச்சன்புதூரில் அக்கா அனுசியா வீட்டுக்கு வந்தவள், வந்தோமா தின்றோமா தூங்கினோமா என்று இருக்கவேண்டியதுதானே. லேப்டாப்பைத் திறந்து அத்தானிடம் காட்டினாள். பூமிக்கு அந்தப் பக்கம், பசிபிக் கடலின் நடுவிலிருந்து பெரு நாட்டுக் கரைவரைக்கும் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை.

"இதுக்குப் பேரு எல் நினோ, அத்தான். சில வருஷத்துக்கு ஒருக்க அங்கன கடல் இப்படிச் சூடாவும். சூடானா பெருவுல மீன்பாடு போச்சு, இந்தோனேசியாவுல மழை போச்சு, ஆஸ்திரேலியாவுல காடு பத்தும். நம்ம குற்றாலத்துக்கும் இதுல பங்கு உண்டு. நான் பேசித் தாரேன், நீங்க ஊர் குரூப்புல போட்டு விடுங்க."

அவன் போனிலேயே ஒரு வீடியோ பேசிக் கொடுத்துவிட்டு ரயிலேறிப் போய்விட்டாள். அதில் முன்பாதியில், தென்மேற்குப் பருவமழை இந்த வருஷம் குறைய வாய்ப்பு அதிகம், சாரலை ரொம்ப நம்பாதீர்கள் என்றாள். பின்பாதியில், ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நம் பக்கம் வழக்கத்தைவிடக் கூடத்தான் வாய்ப்பு, எல் நினோ என்றால் வருஷம் பூராவும் வறட்சி என்று நினைத்துவிடாமல் குளத்துக்கரையைச் சரிபார்த்து வையுங்கள் என்றாள்.

மந்திரமூர்த்தி கடலையும் நம்பவில்லை, கொழுந்தியாளையும் நம்பவில்லை. எங்கேயோ கடல் சூடானால் இங்கே சாரல் நின்றுவிடுமாம், கேட்கிறவன் கேனையனா. ஆனால் ஊரில் நம்புகிறவர்கள் இருப்பார்கள் என்று மட்டும் நம்பினான். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டக்காரர் வருஷா வருஷம் சீசன் கடைக்கு இடத்தை ஏலம் விடுவார். முனை இடத்துக்கு எப்போதும் அடிபிடி. மற்றவர்கள் எல்லாம் பயந்து ஒதுங்கிவிட்டால்? அவன் வீடியோவை இன்னொரு தடவை ஓட்டினான். பின்பாதியை அவள் 'ஆனா' என்று ஆரம்பித்திருந்தாள். அந்த ஒரு 'ஆனா' வந்தாலே ஆட்களுக்குப் பயம் தெளிந்துவிடும். அதற்கு முன்னால் கச்சிதமாக வெட்டினான். முன்பாதியை மட்டும் குரூப்பில் போட்டான்.

அவ்வளவுதான். அச்சன்புதூரிலிருந்து யாரும் ஏலத்துக்குப் போகவில்லை. காலங்காலமாக அந்த முனை இடத்தில் சிப்ஸ் போடுகிற நயினாரே போகவில்லை. அடிமாட்டு விலைக்கு இடம் மந்திரமூர்த்தி கைக்கு வந்தது. அடுப்பு, சட்டி, ஆள், லோடு லோடாக நேந்திரங்காய் என்று எல்லாம் இறக்கினான்.

ஆனி போனது. ஆடியும் போனது. ஐந்து அருவியும் சேர்ந்து ஒரு குழாயடிக்கு ஆகிற அளவுக்குத்தான் ஊற்றியது. வந்த நாலு பேரும் நனைந்த பாறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வறுத்த சிப்ஸ் காறல் வாடை அடித்துப்போய்ச் சாக்குச் சாக்காகக் குப்பைக்குப் போயிற்று. அந்த நேரம் பார்த்து நயினார் கடைக்கு வந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"உம்ம வீடியோவாலதான்வே நான் தப்பிச்சேன். இல்லன்னா இந்நேரம் நானும் உம்மளமாதிரி தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ஆமா, நீரே போட்டுட்டு நீரே ஏன்வே கடையை எடுத்தீரு?"

மந்திரமூர்த்தி சட்டியைத் துடைத்தான். உள்ளுக்குள் எல்லா ஆத்திரமும் வேல்விழி மேல்தான் திரும்பியது. கரிநாக்குக்காரி. அவள் வாயைத் திறந்திருக்காவிட்டால் மழை பெய்திருக்கும் என்றே அவனுக்குத் தோன்றியது.

விஷயம் அதோடு நிற்கவில்லை. சாரல் பொய்த்ததும் ஊருக்கு அந்த அரை வீடியோ வேதவாக்காகிவிட்டது. முதல் போகமான கார் சாகுபடி கருகிப்போன வயிற்றெரிச்சலில் இருந்த ஜனத்துக்கு, ஐப்பசியில் பெய்த கொஞ்சம் மழையில் குளம் முக்கால்வாசி நிறைந்தது பெரிய புதையல். பாசன சங்கத் தலைவர் சங்கிலிப்பாண்டி, போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டம் போட்டார். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற மறுகாலின் மேல் மணல் மூட்டையை வரிசையாக அடுக்கவேண்டும், அடுத்த போகமான பிசான நெல் கரையேறுகிறவரைக்கும் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்றார்.

"இனிமே மழை கிடையாதுன்னு படிச்ச புள்ளையே சொல்லிட்டா. இருக்கதைக் காப்பாத்துவோம்."

பின்பாதியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் வீடு கீழத்தெருவில், குளத்துக்கரைக்கு நேர் கீழே. மூட்டையை அடுக்கினால் கூடுகிற தண்ணீர் கரையைத்தான் தள்ளும். கரை உடைந்தால் முதலில் போவது அவன் அடுக்களை. அதெல்லாம் தெரிந்தும் மந்திரமூர்த்தி வாயை மூடிக்கொண்டிருந்தான். திறந்தால் ஏலக்கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே. மழை எங்கே வரப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அவனும் நாலு மூட்டை தூக்கி அடுக்கினான்.

மார்கழியில் வேல்விழி மறுபடியும் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கரை வழியாக நடந்து வந்தவள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, பையை வீட்டில் போட்ட கையோடு சங்கிலிப்பாண்டியைத் தேடிப் போனாள். மந்திரமூர்த்தியும் பின்னாலேயே போனான். மறுகால் பக்கத்தில் சங்கிலிப்பாண்டியும் நயினாரும் இன்னும் சில பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்கு நம்ம பக்கம் பெரிய மழை இருக்கு. மேகப் படத்தை நீங்களே பாருங்க. இன்னைக்கே மூட்டையை எடுத்துருங்க."

"எந்த மழை? நீதானட்டி மழை இல்லன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?"

சங்கிலிப்பாண்டி போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவளே பேசினாள். சாரலை நம்பாதீங்க என்றதோடு நின்றது.

"முப்பது வருஷம் ஸ்டேஷன்ல இருந்தவன் நான். ஒரே வாயில ரெண்டு வாக்குமூலம் குடுத்தவனைச் சும்மா அனுப்புனதே கிடையாது."

வேல்விழி அவரைப் பார்க்கவில்லை. திரும்பி அத்தானைப் பார்த்தாள். "மிச்சம் எங்க, அத்தான்?"

போனில் இடம் இல்லை என்று சொல்லலாம். பாதிதான் ஏறியது என்று சொல்லலாம். அவன் வாய்க்குள் பொய்கள் வரிசை கட்டி நின்றன. கரைக்குக் கீழே அவன் வீட்டு முற்றத்தில் அனுசியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, கரைக்கு இந்தப்புறம், தண்ணீர் நின்றது. 

"நான்தான் வெட்டிட்டேன்" என்றான். ஏலத்துக்காக வெட்டியதையும் சொன்னான். போனிலேயே இருந்த முழு வீடியோவையும் போட்டுக் காட்டினான். பின்பாதியில் அவள் குளத்துக்கரையைச் சரிபார்க்கச் சொல்வதை எல்லாரும் கேட்டார்கள். இனி மூட்டையை எடுத்துவிடுவார்கள், வெட்கம்தான் மிச்சம், அது கிடக்கிறது கழுதை என்று நினைத்தான்.

சங்கிலிப்பாண்டி சிரித்தார். "அன்னைக்கு வெட்டத் தெரிஞ்சவனுக்கு இன்னைக்கு ஒட்டத் தெரியாதா? செத்தவனையே போன்ல பேச வைக்கானுவ. கொழுந்தியா வந்து இறங்குதா, அந்நேரமே புது வீடியோ பொறக்குது. உன் வீடு கரைக்குக் கீழ இருக்குலே. உனக்குக் குளம் நிறைஞ்சாலே ஆகாது."

"அண்ணாச்சி, சத்தியமா இது மே மாசம் எடுத்தது."

"உன் சத்தியத்தைத்தான் இப்பப் பாத்தோமே."

நயினார் பிறகு பக்கத்தில் வந்து, "உன்னைப் போயி ரெண்டு கையெடுத்துக் கும்பிட்டேனேலே" என்றான். மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மறுநாள் விடிந்ததிலிருந்தே பிடித்துக்கொண்டது மழை. மத்தியானத்துக்குள் தண்ணீர் மூட்டைகளின் இடுப்புவரை ஏறிவிட்டது. அனுசியா அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்னால் கரையின் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் இல்லை, செம்மண் கரைந்த தண்ணீர். வேல்விழி குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள மண்ணு அரிக்கி. கரை ரொம்ப நேரம் தாங்காது" என்றாள். மந்திரமூர்த்தி சங்கிலிப்பாண்டிக்குப் போன் போட்டான். கசியாத கரை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அனுசியாவைத் தெருவில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு அவனும் வேல்விழியும் மறுகாலுக்கு ஓடினார்கள்.  மறுகால் ஓடையை ஒட்டினாற்போல நயினாரின் வயல், நட்ட பயிர் பச்சை பிடித்து நின்றது. மூட்டையை இப்போது எடுத்தால் தேங்கின தண்ணீர் மொத்தமும் அதன் மேலேதான் விழும். நேற்றே எடுத்திருந்தால் மெதுவாக ஓடையோடு போயிருக்கும். மந்திரமூர்த்திக்கு அது தெரிந்தது. தெரிந்தேதான் முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தான்.

ஏழெட்டு மூட்டை சரிவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். நயினார்தான் முன்னால் ஓடிவந்தான். மண்வெட்டிக் காம்பு மந்திரமூர்த்தியின் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி முதுகில். சங்கிலிப்பாண்டி குடைக்குள் நின்றுகொண்டு, பொம்பளையைத் தொடாதீங்கலே, அவனைப் பிடிங்க என்று கத்தினார். யாரும் பிடிப்பதற்குள் தண்ணீரே மிச்ச மூட்டைகளை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் அடித்தவர்களும் ஒதுங்கி நின்றார்கள். நயினாரின் வயல் எங்கே இருந்தது என்று பொழுது சாய்வதற்குள் தெரியாமல் போயிற்று.

கரை நின்றது. மண் அரித்த இடத்தில் ஊற்றுக் குறைந்து, மறுநாள் காலையில் நின்றும்விட்டது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் குளத்துத் தண்ணீர் ஏறவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"உடையும் உடையும்னானே, உடைஞ்சுதாலே?" என்று டீக்கடையில் சங்கிலிப்பாண்டி கேட்டார். எல்லாரும் அதையே கேட்டார்கள். கரைக்குக் கீழே குடியிருக்கிறவர்கள்கூட, பள்ளிக்கூடத்திலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள், வீணாக அலைக்கழித்துவிட்டானே என்று திட்டினார்கள். குளத்துத் தண்ணீரை வீணாக்கினான், அடுத்தவன் வயலை அழித்தான் என்று போலீஸுக்குப் புகார் எழுதி, அதில் முதல் கையெழுத்து அடுத்த வீட்டுக்காரன் போட்டான். இவனுக்காகவா அடி வாங்கினோம் என்று மந்திரமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேல்விழி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நீயாவது ஸ்டேஷனில் வந்து எனக்காகச் சொல்லு என்று கேட்டான்.

"கரைக்கு என்ன ஆயிருக்கும்னு கேட்டா சொல்லுவேன். உங்களுக்காக ஒண்ணும் சொல்லமாட்டேன். என் மூஞ்சியை வச்சு ஊரை ஏமாத்துனீங்க. இனிமே நான் எதைச் சொன்னாலும் இந்த ஊரு நம்பாது, அடுத்த தடவை கடல் சூடாவும்போதும் நம்பாது."

அனுசியாவும் தங்கச்சியோடு பஸ் ஸ்டாண்டுவரை போனாள். அவனை வா என்று கூப்பிடவில்லை.

தோளை அசைக்க முடியாத வலியோடு அவன் நயினாரின் வயலுக்குப் போனான். ஓடை மணல் வயல் முழுக்கப் படிந்து, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நெல் நுனி வெளியே தெரிந்தது. நயினார் வரப்பில் குத்தவைத்திருந்தான். அடிப்பான் என்று நினைத்தே மந்திரமூர்த்தி பக்கத்தில் போனான். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"எடுத்திருக்காட்டா நிசமாவே கரை போயிருக்குமா? ஒரே ஒரு வாட்டி உண்மையைச் சொல்லு. போயிருக்கும்னா, ஒரு தெருவைக் காப்பாத்துன வயலுன்னு நினைச்சு நான் ஆறிக்கிடுவேன்."

"போயிருக்கும், நயினார். என் பொண்டாட்டி மேல ஆணையா போயிருக்கும்."

நயினார் அவன் முகத்தையே வெகு நேரம் பார்த்தான். நம்பிவிடவேண்டும் என்று அவனுக்கு ஆசைதான், அது கண்ணிலேயே தெரிந்தது. பிறகு மணலை ஒரு கை அள்ளி வரப்பில் போட்டுவிட்டு எழுந்தான்.

"இதை வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்லே."