டோரீன் போடாத கையெழுத்து

மேசையில் எலுமிச்சை கேக்கைப் பார்த்ததுமே டோரீன் ஹார்ஸ்ஃபாலுக்கு எரிச்சல் வந்தது. இருபத்தாறு வருஷம் பிஸ்கட் தொழிற்சாலையில் சங்கப் பொறுப்பில் இருந்தவள். நிர்வாகம் என்றைக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்ததோ, அன்றைக்கெல்லாம் எதையோ பிடுங்கிக்கொண்டது. மறதி நோய் வந்து நாலு வருஷமாகியும் இது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

மறதி நோய்க்காரர்களுக்கான சேவைகளை அவர்களையே கேட்டுச் சீர்செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக ரேவன்ஷா நகர மன்றம் ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை வைத்திருந்தது. ஆறு பேருக்கும் அந்த நோய்தான். டோரீன் தலைவி. குழுவை நடத்துகிற அதிகாரி ஃபெலிசிட்டிக்கு முப்பது வயதிருக்கும். பல் முளைக்காத குழந்தையைக் கொஞ்சுகிற குரலில்தான் எல்லோரிடமும் பேசுவாள்.

"டோரீன் செல்லம், வந்துட்டீங்களா! ஸ்வெட்டர் எவ்ளோ அழகா இருக்கு!"

"இது பழசு. விஷயத்துக்கு வா."

ஃபெலிசிட்டி போன கூட்டத்தின் குறிப்பை எடுத்து வாசித்தாள். புதன்கிழமைகளில் நோயாளிகளைப் பகல்நேர மையத்துக்குக் கூட்டிப்போக வேன் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே கணினித் திரையில் சந்தித்துக்கொள்ளலாம் என்று உறுப்பினர்களே யோசனை சொன்னார்களாம். "இதுக்குக் கீழே தலைவி ஒரு கையெழுத்துப் போட்டுட்டா மேல அனுப்பிடலாம். நீங்களே கேட்டதாச்சே!"

டோரீனுக்குத் திக்கென்றது. புருஷன் போய் ஆறு வருஷம். மலைமேல் தனி வீடு. வாரத்தில் ஆறு நாள் அவள் பேசுவது தொலைக்காட்சியோடு. மனுஷ முகம் பார்ப்பது அந்த வேன் வரும் ஒரே நாளில்தான்.

"இதை யாரு சொன்னது?"

"நீங்கதான் செல்லம். எல்லாரும்தான். ஞாபகம் இல்லையா? பரவாயில்ல, பரவாயில்ல."

"நான் கம்ப்யூட்டர் கேட்டேனா?" என்றார் க்ளிஃப் எக்ராய்ட், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "எனக்கு மைக்ரோவேவே பிடிபட மாட்டேங்குது. நேத்து அதுக்குள்ள செருப்பை வெச்சிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டோரீன் சிரிக்கவில்லை. சொல்லியிருப்பேனோ? ஒருவேளை சொல்லித் தொலைத்திருப்பேனோ? எவ்வளவு துழாவியும் போன மாதம் கைக்குச் சிக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள், எல்லார் முகத்திலும் அதே திகைப்பு. நோயாளிக்கு எங்கே ஓட்டையோ அங்கேயே பார்த்துக் கையை விடுகிறார்கள், அதுவும் செல்லம், கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே. சீ, என்ன பிழைப்பு இது!

"சரி. சொன்னேன்னே வெச்சுக்க. மறந்துட்டேன்" என்றாள். "இப்போ கேளு. ஆறு பேரும் உன் முன்னாடிதானே உக்காந்திருக்கோம்?"

"அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லையே, செல்லம்..."

"வேன் வேணாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"வேணும்ங்கிறவங்க?"

எல்லாக் கைகளும் எழுந்தன. க்ளிஃப் இரண்டையும் தூக்கினார்.

"ரெண்டு கை தூக்கினா ரெண்டு ஓட்டு ஆயிடாது, க்ளிஃப்."

"பஸ் ஓட்டினவன்மா நான். ஒத்தைக் கையால எந்தக் காரியமும் பண்ணினதில்ல."

"எழுதிக்கோ" என்றாள் டோரீன், ஃபெலிசிட்டியிடம். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டே எழுதினாள். எட்டிப் பார்த்தால், 'போக்குவரத்து குறித்துப் பயனுள்ள கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்றிருந்தது. டோரீனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பேனாவைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது தாழ்வாரத்தில் ஃபெலிசிட்டி யாரிடமோ பேசுவது கேட்டது. இப்போது அந்தக் குரலில் கொஞ்சலே இல்லை. "விடு, அடுத்த வாரம் நேரா வீட்டுக்கே போய் வாங்கிக்கிறேன். அதுக்குள்ள அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

அது! அவளை அது என்கிறாள். போய் ஃபெலிசிட்டியின் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் சொன்னது பொய்யில்லையே! அதை நினைக்கத்தான் டோரீனுக்கு நெஞ்சு எரிந்தது.

வீடு திரும்புகிற வழியெல்லாம் 'கையெழுத்துப் போடாதே, கையெழுத்துப் போடாதே' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வந்ததும் ஒரு சீட்டில் பெரிதாக எழுதியும் வைத்தாள். சனிக்கிழமைக்குள் அந்தச் சீட்டை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோயிற்று. திங்கட்கிழமைக்குள் சீட்டு எழுதியதே மறந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை வாசல் மணி அடித்தது. ஃபைலும் கையுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். டோரீனுக்கு ஆளைத் தெரியவில்லை. மழையில் நனைந்து நிற்கிறாளே என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

வந்தவள் ஒரு காகிதத்தை விரித்து, பேனாவை டோரீனின் விரல்களுக்குள் திணித்தாள்.

"இங்கே ஒரே ஒரு கையெழுத்து, செல்லம். போன வாரமே போடறேன்னு சொன்னீங்க. ஞாபகம் இல்லேன்னா பரவாயில்ல."

டோரீன் காகிதத்தைப் பார்த்தாள். வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சொன்னேனா? சொல்லியிருக்கலாம். யாரோ நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். பேனா முனையைக் காகிதத்தில் வைத்தாள். 'டோ' என்று எழுதுவதற்குள் அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டைவரை வந்தது. கெட்ட பாலை வாயில் வைத்தது போல ஓர் அருவருப்பு.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியல. இதுல என்ன எழுதியிருக்குன்னும் புரியல. ஆனா உன் பக்கத்துல உக்காந்தா எனக்கு வயித்தைப் புரட்டுது. காரணமில்லாம எனக்குப் புரட்டாது. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு."