ஜிம்மியின் சமாதி

பெங்களூரு காக்ஸ் டவுன் பழைய பங்களாவின் தோட்டத்தைச் சீரமைக்கையில், நீரூற்றின் கல் அன்னத்தைக் கைதவறிக் கடப்பாரையால் இடித்து உடைத்தவர் தோட்டக்காரர் முனிரத்தினம்தான். துண்டுகளைப் பலாமரத்தடியில் புதைத்தார். அந்த மேடு என்ன என்று வீட்டுக்கார சரளா அம்மா கேட்டபோது கண்ணிமைக்காமல் சொன்னார்:

"முன்ன இந்த பங்களால இருந்த வெள்ளக்காரத் தொரையோட நாய்ம்மா, ஜிம்மி. சிறுத்தையைக் காதைப் புடிச்சு இழுத்தாந்து போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சது."

அம்மா சிரிக்கவில்லை. தினமும் அங்கே ஒரு ரோஜா வைத்தார். திருடுபோனதாக முனிரத்தினம் சொல்லியிருந்த அன்னத்தைத் தேடி சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்தார். அவரும் கூடப்போய் மும்முரமாகத் தேடினார்.

நீரூற்றுக்குக் குழாய் பதிக்க வந்த ஆள் ஒருநாள் மேட்டைத் தோண்டிவிட்டான். அம்மா ரோஜாவோடு வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"முனிரத்தினம், ஜிம்மிக்கு ரெக்கை இருந்துதா?"

பறந்துபோய்த்தான் சிறுத்தையைப் பிடித்தது என்ற பதில் முனிரத்தினத்தின் தொண்டைவரை வந்தது. ரோஜாவைப் பார்த்ததும் உள்ளேயே இறங்கிவிட்டது.

"நான்தாம்மா ஒடச்சேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஒட்டவெச்சிருக்கலாமே."

ரோஜாவை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா உள்ளே போனார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முனிரத்தினம் சாயங்காலம்வரை அங்கேயே நின்றார்.