தலைவரின் குரல்

கயிறு அறுந்தது. மாசாய் சந்தை முகப்பிலிருந்து பேனர் ஹேமநாதனின் தலைமேல் சரிந்தது. ஏணியில் நின்றபடியே அதைச் சுருட்டிக் கீழே எறிந்தான்.

"தலைவர் எப்ப தவறுனாரு லா? ஒரு வார்த்தை சொல்லலியே!" மோட்டார்சைக்கிளில் வந்த பெண் அழாத குறையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்காருக்கா! அச்சுல தப்பாயிடுச்சு!"

தப்பு அச்சில் இல்லை. 'தலைவர் திருச்செல்வத்தின் ஆதரவு வாலண்டைனுக்கே' என்ற வரிக்கு மேலிருந்த படம் எடுப்பாக இல்லையென்று, "ஒரு மாலை போட்டு விடு" என்று பெர்மாஸ் ஜெயாவிலிருந்த சீன அச்சுக்கடைக்காரரிடம் சொன்னவன் அவனேதான். அவர் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் மாலை தொங்கவிட்டு அனுப்பியிருந்தார். ஆட்கள் பார்க்காமலே கட்டிவிட்டார்கள்.

நாளை மறுநாள் வாக்களிப்பு. தோட்டம் கைமாறியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்குப் போராடி வீடு வாங்கித் தந்தவர் திருச்செல்வம். அவர் கைகாட்டும் பக்கம்தான் இங்கே ஓட்டு விழும். உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தவர் வாலண்டைனுக்கு ஓட்டுக் கேட்கும் குரல் பதிவு போன வாரம் எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. அதிலிருந்து வாலண்டைன் கை ஓங்கியிருந்தது. இப்போது எதிரணி, "செத்தவர் பேரில் ஓட்டுக் கேட்கிறார்கள்" என்று பரப்ப ஆரம்பித்துவிட்டது.

ஹேமநாதன் வேட்பாளர் வாலண்டைனைக் கைப்பேசியில் அழைத்தான்.

"அவர் வீட்டுக்கு மட்டும் போகாத, ஹேமா. நான் பாத்துக்கறேன்."

எப்போது பார்ப்பது? ஹேமநாதன் காரை உலு திராமுக்கு விரட்டினான்.

தலைவரின் மனைவி புஷ்பவள்ளி கேட்டைப் பாதிதான் திறந்தாள். "தூங்குறாரு தம்பி. தேர்தல் முடிஞ்சு வாங்க."

"ஒரே வார்த்தைதான்க்கா. 'என் ஆதரவு வாலண்டைனுக்குத்தான்'னு அவர் வாயால சொன்னா போதும். இல்லன்னா தோத்தோம்."

அவளைத் தாண்டி நுழைந்தான். கைப்பேசியில் நேரலையைத் தட்டினான். மாசாயே பார்க்க ஆரம்பித்தது.

கட்டிலில் திருச்செல்வம் விழித்தபடிதான் கிடந்தார்.

"பாருங்க ஜனங்களே, குத்துக்கல்லாட்டம் இருக்காரு! அண்ணே, சொல்லுங்க, உங்க ஆதரவு யாருக்கு?"

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. எச்சில் வழிந்தது. கண்கள் மட்டும் ஹேமநாதனையே முறைத்தன.

"அண்ணே...?"

புஷ்பவள்ளி துண்டால் அவர் வாயைத் துடைத்தாள். "வாதம் அடிச்சு அஞ்சு மாசமாச்சு. பேச்சே இல்ல, தம்பி."

"அப்போ போன வாரம் வந்த குரல்?"

"பெரிய ஆஸ்பத்திரியில சேத்து விடுறேன்னு உங்க வாலண்டைன்தான் வந்தாரு. போன தேர்தல்ல இவரு உங்க எதிரணிக்காரருக்காகப் பேசுன பதிவு என்கிட்ட இருந்துச்சு. குடுத்தேன். பேரை மட்டும் மாத்திக்கிட்டாரு."